நீர்வண்ண ஓவியத்தின் பிரிண்ட் மங்காமல் நிற்க எந்தக் காகிதம், எந்த மை?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் நீர்வண்ண ஓவியர். மூல ஓவியத்தை ஸ்கேன் செய்து, 25 பிரதிகள் மட்டும் இங்க்ஜெட்டில் அச்சிட்டு, எண் போட்டுக் கையெழுத்திட்டு விற்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஒருவர் பிரதியைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். வானத்தின் நீலம் பாதி போய்விட்டது, மனிதர்களின் முகம் செம்மஞ்சளாக நிற்கிறது, காகிதத்தின் ஓரம் பழுப்பேறிவிட்டது. அச்சிட்டுக் கொடுத்த கடையில் கேட்டால் "ஆர்க்கைவல் பேப்பர்தான் சார் போட்டோம்" என்கிறார்கள், அதாவது நீண்ட காலம் கெடாத காகிதமாம். இனிமேல் எந்தக் காகிதம், எந்த மை என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதில் இதுதான்: பிரிண்டர் நிறுவனத்தின் அசல் பிக்மென்ட் மை, வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்காத நூறு சதவீதப் பருத்திக் காகிதம், அமிலமில்லாத மவுண்ட் போர்டு (ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை), புற ஊதாக் கதிரை மறிக்கும் கண்ணாடி. ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் மறுபடியும் ஏமாறுவீர்கள். அதே சொற்களை எல்லாக் கடைக்காரரும் சொல்வார்கள். எதை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

திரும்பி வந்த அந்தப் பிரதியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதை அதிலேயே படிக்கலாம். ஃபிரேமைப் பிரித்து, மவுண்ட் போர்டின் அடியில் மறைந்திருந்த அரை அங்குல ஓரத்தைப் பாருங்கள். அந்த ஓரத்தில் நீலம் புதிதாகவே இருந்தால், மங்க வைத்தது வெளிச்சம். மறைந்திருந்த இடமும் சேர்ந்து மங்கியிருந்தால் வெளிச்சத்தோடு காற்றும் ஈரமும் வேலை செய்திருக்கின்றன, கண்ணாடி இல்லாமல் மாட்டியிருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். பழுப்பு நிறம் மவுண்டின் வெட்டுவாய் ஓரமாகக் கோடு போட்டதுபோல் இருந்தால், அது மவுண்ட் போர்டிலிருந்து வந்த அமிலம். முதுகுப் பக்கம் திட்டுத்திட்டாக இருந்தால் பின்பலகையும் டேப்பும் காரணம். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் பிரதியில் இரண்டு தனித்தனித் தவறுகள் இருக்கின்றன. மை வேறு காரணத்தால் போயிருக்கிறது, காகிதம் வேறு காரணத்தால் கெட்டிருக்கிறது.

முதலில் மை. இங்க்ஜெட் மை இரண்டு வகை. டை மை என்பது சாயம், தண்ணீரில் முழுதாகக் கரைந்திருக்கும். பிக்மென்ட் மை என்பது நிறமி, கரையாத மிக நுண்ணிய துகள்கள் நீரில் மிதக்கும். வித்தியாசத்தை நம் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை எவ்வளவு துவைத்தாலும் போகாது, ஆனால் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் தானாக வெளுத்துவிடும். கோயில் மதிலில் சுண்ணாம்புப் பட்டைக்கு நடுவே பூசிய காவி வருடக்கணக்கில் வெயிலில் நிற்கிறது. மஞ்சளில் இருப்பது சாயம், காவி இரும்பு ஆக்சைடு நிறமி. சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்து நிற்பதால் வெளிச்சம் அதை நேரடியாக உடைக்கிறது. நிறமித் துகள் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் நெருங்கிக் கிடக்கின்றன. மேலே இருப்பவை உடைந்தாலும் உள்ளே இருப்பவை நிறத்தைக் காப்பாற்றுகின்றன.

கடைகளில் 'ஜிக்லே பிரிண்ட்' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லின் வரலாறு தெரிந்தால் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது புரியும். பாடகரும் புகைப்படக்காரருமான கிரஹாம் நேஷ் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 'நேஷ் எடிஷன்ஸ்' என்ற அச்சகத்தை நடத்தினார். பத்திரிகை அச்சுக்கு முன்மாதிரி எடுப்பதற்காகச் செய்யப்பட்ட ஐரிஸ் 3047 என்ற இயந்திரத்தைக் கலைப் பிரதிகளுக்குப் பயன்படுத்தினார்கள். அங்கே வேலை பார்த்த ஜாக் டுகான் 1991-இல் இந்தப் பிரதிகளுக்கு ஒரு பெயர் தேடினார். பீய்ச்சுவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'ஜிக்லே' வந்தது. அந்த முதல் ஐரிஸ் இயந்திரம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் ஐரிஸின் தொடக்கக் கால மை, சாய மை. அருமையான நிறம், சில வருடங்களிலேயே மங்கியது. அதாவது ஜிக்லே என்றால் பீய்ச்சி அச்சிட்டது என்று மட்டும்தான் பொருள். எத்தனை வருடம் நிற்கும் என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் பிரதியில் நீலம் முதலில் போய் முகம் செம்மஞ்சளாக நிற்கிறதே, அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2000-ஆம் ஆண்டில் எப்சனின் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 பிரிண்டர்கள் வந்தன. பத்து வருடம் மங்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் சிலருடைய வீட்டில் சில வாரங்களிலேயே படம் முழுக்க ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது, அதே பிரிண்டரில் அச்சிட்ட வேறு சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் புரிந்தது: காற்றிலுள்ள ஓசோன் வாயு, சியான் என்ற பச்சை கலந்த நீலச் சாயத்தைத் தின்றுவிட்டது. பளபளப்பான அந்தக் காகிதத்தின் மேல்பூச்சு முழுக்க நுண்துளைகள். மை உடனே காய்வதற்காக வைத்த துளைகள் காற்றுக்கும் வழிவிட்டன. ஆயுளைச் சொன்ன சோதனை வெளிச்சத்தை மட்டுமே அளந்திருந்தது. அதற்குப் பிறகுதான் வாயுவையும் தனியாகச் சோதிக்கும் வழக்கம் பரவலாக வந்தது. உங்கள் பிரதி கண்ணாடி இல்லாமல் மாட்டப்பட்டதா, ஜெராக்ஸ் இயந்திரமோ அயனியைக் கக்கும் காற்றுச் சுத்திகரிப்பானோ அருகில் இருந்ததா என்று வாங்கியவரிடம் கேட்டுப் பாருங்கள். அவை இரண்டும் ஓசோனை உண்டாக்கக்கூடியவை.

நம் ஊரில் பல ஸ்டுடியோக்களில் எப்சனின் எல்805, எல்1800 போன்ற ஆறு நிற டேங்க் பிரிண்டர்கள் ஓடுகின்றன. அவற்றின் மை சாய மை. ஆல்பம் போடுவதற்கும் குறைந்த செலவில் போட்டோ எடுப்பதற்கும் செய்யப்பட்டவை, அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. பதிப்பு எண் போட்டு விற்கும் கலைப் பிரதிக்கு அவை பொருந்தா. கடைக்காரர் எந்த இயந்திரத்தில் அச்சிடுகிறார் என்று மாடல் எண்ணோடு கேளுங்கள். எப்சனில் அல்ட்ராக்ரோம் மை, கேனனில் லூசியா மை, எச்பியின் பழைய இசட் வரிசையில் விவேரா பிக்மென்ட் மை: இவை மூன்றும் பிக்மென்ட். எப்சன் பி700, பி900, கேனன் ப்ரோ-300, ப்ரோ-1000 என்று பதில் வந்தால் இயந்திரம் சரி. அடுத்த கேள்வியையும் உடனே கேட்டுவிடுங்கள்: மை அசலா, நிரப்பியதா?

இந்த இரண்டாவது கேள்வியில் நான் மிகவும் கண்டிப்பானவன். 'பிக்மென்ட்' என்று எழுதி விற்கும் மலிவான நிரப்பு மையும் பிக்மென்ட்தான், பொய் இல்லை. ஆனால் நிறமியிலேயே உறுதியானதும் உண்டு, உறுதியற்றதும் உண்டு. ஒரு பெட்டியில் எட்டு நிறம் இருந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. பெரும்பாலும் மஞ்சள்தான் முதலில் களைத்துப்போகும். எப்சனின் 2005-ஆம் ஆண்டு கே3 மையில்கூட மஞ்சள்தான் பலவீனமான கண்ணி. 2015 வாக்கில் வந்த அல்ட்ராக்ரோம் எச்டி மையில் மஞ்சளை மாற்றிய பிறகு மொத்த ஆயுளே கூடியது. பெரிய நிறுவனமே பத்து வருடம் செலவழித்துத் திருத்திய இடம் அது. பெயர் தெரியாத பாட்டிலில் அந்த மஞ்சள் எப்படி இருக்கும் என்பதை யாரும் சோதித்ததில்லை. உங்கள் ஓவியத்தில் பச்சை வயல் இருந்தால், மஞ்சள் போன பிறகு அது நீல வயலாகிவிடும்.

கறுப்பு மட்டும் விதிவிலக்கு. இந்தப் பிரிண்டர்களின் கறுப்பு மை கார்பன். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்தில் நம் முன்னோர் விளக்குக் கரியைத் தடவினார்களே, அதே பொருள்தான். ஓலை பொடிந்து உதிர்ந்த சுவடியில்கூட எழுத்து கறுப்பாகவே இருக்கும். அதனால் கோட்டோவியமோ கறுப்பு வெள்ளைப் புகைப்படமோ அச்சிடுபவர்கள், சாம்பல் நிறத்தை வண்ண மைகளைக் கலந்து உண்டாக்காமல் பெரும்பாலும் கறுப்பு, சாம்பல் மைகளாலேயே உண்டாக்கும் முறையில் அச்சிடச் சொல்ல வேண்டும். எப்சனில் இதற்குத் தனி முறையே இருக்கிறது. இதற்காகவே பல அடர்த்திகளில் கார்பன் மை மட்டும் கொண்ட 'பியஸோகிராஃபி' என்ற முறையை அமெரிக்காவில் ஜான் கோன் உருவாக்கினார்.

இப்போது ஆயுள் எண்களுக்கு வருகிறேன். வண்ணத்துக்கு 200 வருடம், கறுப்பு வெள்ளைக்கு 400 வருடம் என்றெல்லாம் விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். இந்த எண்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிரின்னல் என்ற சிற்றூரில் ஹென்றி வில்ஹெம் நடத்தும் சோதனைக் கூடத்திலிருந்து வருபவை. வண்ணப் புகைப்படங்கள் எப்படி அழிகின்றன என்பதைப் பற்றி 1993-இல் தடித்த புத்தகமே எழுதியவர் அவர், நேர்மையான ஆய்வு. ஆனால் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். யாரும் நூறு வருடம் காத்திருந்து பார்க்கவில்லை. மிகக் கடுமையான விளக்கின் கீழ் மாதக்கணக்கில் வைத்து, அதை ஒரு வீட்டுச் சுவரின் வருடங்களாகக் கணக்கிடுகிறார்கள். அந்த வீட்டுச் சுவருக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு ஒரு நாளைக்கு 12 மணி நேரம், 450 லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு.

பெருக்கிப் பாருங்கள். 450 லக்ஸ், 12 மணி, 365 நாள் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் லக்ஸ்-மணி. அருங்காட்சியகங்களில் நீர்வண்ண ஓவியத்துக்கு 50 லக்ஸ் மட்டுமே அனுமதிப்பார்கள். எட்டு மணி நேரம் திறந்திருந்தாலும் வருடத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது. நம் வீட்டில் பால்கனிக் கதவுக்கு எதிர்ச் சுவரில் பகலில் 2,000 லக்ஸ் விழுந்தால், நூறு வருடம் என்று சொன்ன பிரதி 22 வருடத்தில் அதே நிலைக்கு வந்துவிடும். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. துல்லியம் குறைவுதான், ஆனால் 200-க்கும் 2,000-க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிவிடும்.

இன்னொன்று, 'நூறு வருடம்' என்பது நூறு வருடம் அப்படியே புதிதாக இருக்கும் என்ற பொருளில் சொல்லப்படுவதல்ல. கண்ணுக்குத் தெரியும் அளவு மங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் அது. இதைவிடக் கறாரான அளவுகோல் வேண்டுமென்றால் மார்க் மெக்கார்மிக்-குட்ஹார்ட் நடத்தும் ஆர்டன்பர்க் சோதனைகளைப் பாருங்கள். அங்கே வருடக் கணக்கே கிடையாது. எத்தனை மெகாலக்ஸ்-மணி (ஒன்று என்பது பத்து லட்சம் லக்ஸ்-மணி) வெளிச்சம் வரை மாற்றம் கண்ணில் படாது என்று மட்டும் சொல்கிறார்கள். எந்த வீட்டில் எவ்வளவு வெளிச்சம் என்பதை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஓவியர்களுக்கு இதுதான் பொருத்தமான அளவு என்று நான் நினைக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்: சோதிப்பது மையை மட்டும் அல்ல, மையும் காகிதமும் சேர்ந்த ஜோடியை. அதே மை ஒரு காகிதத்தில் வாழும் காலத்தில் பாதிகூட இன்னொன்றில் வாழாமல் போகலாம்.

சரி, காகிதம். செய்தித்தாள் ஏன் சீக்கிரம் பழுப்பாகிறது? மரத்தை அப்படியே அரைத்த கூழில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. அது வெளிச்சத்திலும் காற்றிலும் கருகி அமிலத்தை உண்டாக்கும். பருத்தியில் இயற்கையாகவே லிக்னின் இல்லை என்று சொல்லலாம். மரத்திலிருந்தே எடுத்து, லிக்னினை வேதிமுறையில் நீக்கிய கூழுக்கு ஆல்ஃபா செல்லுலோஸ் என்று பெயர். அதுவும் நல்ல காகிதமே. இரண்டிலும் கால்சியம் கார்பனேட்டைச் சேர்த்து வைப்பார்கள். பிற்காலத்தில் காற்றிலிருந்தோ ஃபிரேமிலிருந்தோ அமிலம் வந்தால் அது முறித்துவிடும். ஐஎஸ்ஓ 9706 என்ற தர அளவு இதைத்தான் கேட்கிறது: காகிதச் சாற்றின் பிஎச் 7.5-க்கும் 10-க்கும் இடையில், குறைந்தது 2 சதவீதக் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கார இருப்பு. கடைக்காரர் சொன்ன 'ஆர்க்கைவல்' என்ற சொல்லுக்கு இப்படி எந்த அளவும் கிடையாது, யாரும் எதன் மேலும் ஒட்டிக்கொள்ளலாம். 'ஆசிட் ஃப்ரீ' என்பதும் பாதிச் செய்தியே. இன்று அமிலம் இல்லை என்பதைச் சொல்கிறது, நாளைக்கு வருவதைத் தாங்குமா என்று சொல்வதில்லை.

காகிதத்தில் பலரும் கவனிக்காத எதிரி வெண்மையூட்டி. துணிக்குச் சொட்டு நீலம் போடுவது எதற்கு? பழுப்பை மறைத்து வெள்ளையாகக் காட்ட. காகிதத் தொழிலில் அதே வேலையைச் செய்ய ஒளிரும் ரசாயனம் சேர்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும், காகிதம் பளிச்சென்று தெரியும். ஆனால் அது நாளாக ஆகச் செத்துவிடும். நீலம் போன வேட்டி மாதிரி, காகிதம் தன் இயல்பான மஞ்சளுக்குத் திரும்பும். நீர்வண்ண ஓவியத்தில் இது பெரிய கேடு, ஏனென்றால் மேகமும் அலையின் நுரையும் வேட்டியும் எல்லாமே வெற்றுக் காகிதம்தான். மை ஒன்றும் ஆகாமல் இருக்கும்போதே படம் கெட்டுவிடும்.

இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். கள்ள நோட்டுப் பார்க்கும் சின்னப் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். இருட்டறையில் ஜெராக்ஸ் தாள் மேல் அடித்தால் ஊதா நீலமாக எரியும். நல்ல ரூபாய் நோட்டின் மேல் அடித்தால் எண்களும் சில இழைகளும் மட்டும் ஒளிரும், தாள் இருண்டே இருக்கும். நம் ரூபாய் நோட்டு நூறு சதவீதப் பருத்தியில் செய்த, வெண்மையூட்டி இல்லாத தாள். சாதாரணத் தாளில் அடித்த கள்ள நோட்டு பளிச்சென்று காட்டிக்கொடுப்பது இதனால்தான். அச்சகத்துக்குப் போகும்போது அந்த டார்ச்சும் ஒரு நூறு ரூபாய்த் தாளும் சட்டைப் பையில் இருக்கட்டும். நோட்டைப் போல இருண்டிருக்கும் காகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் அடித்துப் பாருங்கள், சிலவற்றில் மேல்பூச்சில் மட்டும் வெண்மையூட்டி இருக்கும்.

பெயர் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. ஜெர்மனியின் ஹானமூலே 1584 முதல் காகிதம் செய்யும் ஆலை. அவர்களுடைய 'வில்லியம் டர்னர்' 310 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), பருத்தி, வெண்மையூட்டி இல்லை, நீர்வண்ணக் காகிதத்தின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். உங்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். மிகவும் புகழ்பெற்ற 'ஃபோட்டோ ராக் 308' அதே ஆலையின் காகிதம், பருத்திதான், ஆனால் அதில் கொஞ்சம் வெண்மையூட்டி உண்டு. டார்ச் அடித்தால் தெரியும். பிரான்ஸின் கான்ஸனும் 1557 முதல் இருக்கும் பழைய பெயர். அவர்களுடைய 'ராக் ஃபோட்டோகிராஃபிக்' வழவழப்பானது, வெண்மையூட்டி இல்லாதது. மெல்லிய வண்ண அடுக்குகள் நுணுக்கமாக வர வேண்டிய படங்களுக்கு நான் இதைத்தான் போடுகிறேன். எப்சனிலேயே 'ஹாட் பிரஸ்', 'கோல்டு பிரஸ்' என்ற இரண்டிலும் 'நேச்சுரல்', 'பிரைட்' என்று இரு வகை வரும். நேச்சுரலில் வெண்மையூட்டி இல்லை, பிரைட்டில் உண்டு. பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. நிறுவனங்கள் சேர்மானத்தை மாற்றுவதுண்டு, அதனால் வாங்கும் பெட்டிக்கான தகவல் தாளை ஒவ்வொரு முறையும் படித்துவிடுங்கள்.

நீர்வண்ணத்துக்குப் பளபளப்பில்லாத மேட் காகிதம்தான் பொருந்தும் என்பதால் பரைட்டா வகைகளைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஆழ்ந்த கறுப்பு வேண்டும் என்ற புகைப்படக்காரர்களுக்கு அவை அருமை. பேரியம் சல்ஃபேட் பூச்சின் மேல் கறுப்பு விழும் அடர்த்தி மேட்டில் ஒருபோதும் வராது. ஸ்டுடியோக்களில் கிடைக்கும் ஆர்சி காகிதம், அதாவது இருபுறமும் பாலிஎத்திலீன் படலம் போட்டது, ஆல்பத்துக்குப் போதும், பதிப்புப் பிரதிக்கு வேண்டாம். கேன்வாஸில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் கலந்தவை, வெண்மையூட்டியும் இருக்கும், மடக்கும் ஓரத்தில் பூச்சு வெடிக்கும்.

புதுச்சேரி ஆசிரமத்துக் கைவினைக் காகிதத்தில் அச்சிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கும் மிகவும் பிடித்த காகிதம், கையில் எடுத்தாலே எழுதத் தோன்றும். ஆனால் அது இங்க்ஜெட்டுக்காகப் பூச்சுப் போட்டதல்ல. மை இழைக்குள் இறங்கிவிடும், நிறம் சோர்ந்து தெரியும், கோடு கசியும். உதிரும் இழை பிரிண்டரின் ஹெட்டை அடைக்கும், மேடுபள்ளம் ஹெட்டில் உரசும். 'இங்க்எய்டு' போன்ற முன்பூச்சைத் தூரிகையால் பூசி, காயவைத்து, தட்டையாக அழுத்தி அச்சிட்டவர்கள் இருக்கிறார்கள். அழகாகவும் வரும். ஒரே ஒரு பிரதி செய்து உங்கள் வீட்டில் மாட்டிக்கொள்வதானால் தாராளமாகச் செய்யுங்கள். அந்த மையும் பூச்சும் காகிதமும் சேர்ந்து எத்தனை வருடம் நிற்கும் என்பதைச் சோதித்தவர் யாரும் இல்லாதபோது, அதற்கு எண் போட்டு விற்காதீர்கள்.

அச்சிடும் நாளில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். மேட் காகிதத்துக்கு மேட் பிளாக் மை. அந்தக் காகிதத்துக்கும் அந்தப் பிரிண்டருக்கும் உரிய ஐசிசி புரொஃபைல், அதாவது நிறம் சரியாக வர உதவும் கணினிக் கோப்பு. உள்ளே விடும் முன் மென்மையான தூரிகையால் தாளைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசி மேல் மை விழுந்து பிறகு உதிர்ந்து வெள்ளைப் புள்ளியாகிவிடும். அச்சான பிறகு பொறுமை. மையில் இருக்கும் கிளைக்கால் என்ற திரவம் மெதுவாகத்தான் வெளியேறும். குறைந்தது 24 மணி நேரம் திறந்து வைத்து, மேலே சாதாரண வெள்ளைத் தாளை வைத்து அது ஈரத்தை உறிஞ்ச விடுங்கள். அன்றைக்கே ஃபிரேம் போட்டால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்ததுபோல் ஒரு படலம் வந்துவிடும்.

இப்போது உங்கள் பிரதியின் இரண்டாவது தவறு, ஓரத்துப் பழுப்பு. இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். அச்சுத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கண்காட்சிக்காகப் பதினான்கு பிரதிகள் போட்டேன். நல்ல பருத்திக் காகிதம், அசல் பிக்மென்ட் மை. ஃபிரேம் வேலையை அருகிலிருந்த ஒரு கடையில் கொடுத்துவிட்டு, அங்கே என்ன பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கவில்லை. பின்னால் ஹார்டுபோர்டு, அதன் மேல் பிரவுன் டேப், பிரதியை மவுண்டில் நிறுத்த மர வேலைக்கான வெள்ளைப் பசை. இரண்டு மழைக்காலம் தாண்டியதும் எல்லாவற்றிலும் பழுப்புக் கறை. மை துளிகூட மங்கவில்லை. பதினான்கையும் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, சாமி படத்துக்குப் போடுவதைத்தான் அவர் இதற்கும் போட்டார். கேட்காதது என் தவறு.

அதனால் ஃபிரேம் கடையில் பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மவுண்ட் போர்டு பருத்தி அல்லது ஆல்ஃபா செல்லுலோஸ், வெட்டினால் உள்ளேயும் வெள்ளையாக இருக்க வேண்டும். பின்பக்கமும் அதே தரத்தில் ஒரு அட்டை, அதற்குப் பிறகுதான் கடைக்காரரின் பலகை. பிரதியை எங்கேயும் முழுதாக ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும், ஜப்பானிய கோஸோ காகிதத் துண்டை கோதுமை மாவுப்பொருள் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். நூறு வருடம் கழித்து யாராவது கழற்ற நினைத்தாலும் கொஞ்சம் தண்ணீரில் கழன்றுவிடும். செல்லோ டேப் பக்கமே போகாதீர்கள். கண்ணாடி பிரதியைத் தொடக் கூடாது, மவுண்டின் கனமே இடைவெளி தரும். புற ஊதா மறிக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ விலை கூடுதல்தான். வாங்குபவர் தயங்கினால், வெயில் படாத சுவரில் சாதாரணக் கண்ணாடியோடு மாட்டச் சொல்லுங்கள். கண்ணாடியே வேண்டாம் என்பவரிடம் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாம்பிராணிப் புகை, ஓசோன், ஈக்கறை எல்லாவற்றுக்கும் அதுதான் தடுப்பு.

நம் கடற்கரை ஊர்களில் ஈரம் தனிப் பிரச்சினை. அருங்காட்சியகங்கள் 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் கேட்கின்றன, சென்னையில் மழை மாதங்களில் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். பூஞ்சணம் வரும், ராமபாணப் பூச்சி பூச்சைச் சுரண்டித் தின்னும். மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்ட வேண்டாம். ஃபிரேமின் கீழ்முனைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். விற்காத பிரதிகளை பிவிசி உறையில் போடாதீர்கள். மலிவான பிளாஸ்டிக்கிலிருந்து வெளியேறும் ரசாயனம் நுண்துளைப் பூச்சில் ஏறி மஞ்சளாக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை, அமிலமில்லாத அட்டைப் பெட்டி, தரையிலிருந்து உயரமான அலமாரி போதும். ஹானமூலே விற்பதுபோன்ற பாதுகாப்பு ஸ்ப்ரே மேட் பூச்சை உரசலிலிருந்தும் ஈரத்திலிருந்தும் ஓரளவு காக்கும். காற்றோட்டமான இடத்தில், மெல்லிய மூன்று அடுக்காக அடிக்க வேண்டும்.

புதிய அச்சகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், முழுப் பதிப்பையும் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் ஓவியத்திலிருந்து வானம், தோல் நிறம், பச்சை, வெற்றுக் காகிதம் எல்லாம் வரும்படி ஒரு சின்னப் பட்டையை அச்சிடச் சொல்லுங்கள். ஒரு மூலையில் தண்ணீர்த் துளி விட்டு ஒரு நிமிடம் கழித்து ஒற்றிப் பாருங்கள், நிறம் கரைந்து பரவினால் அது சாய மை. மீதியை நடுவில் வெட்டி, ஒரு பாதியைப் புத்தகத்துக்குள் வையுங்கள், மறுபாதியை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஜன்னலில் 50,000 லக்ஸ் வெயில் நாளுக்கு ஆறு மணி நேரம் விழுந்தால் 3 லட்சம் லக்ஸ்-மணி, ஒரு வாரத்தில் 21 லட்சம். வில்ஹெம் கணக்கில் அது சுவரில் ஒரு வருடம். ஜன்னல் கண்ணாடி புற ஊதாவை முழுதாக மறிக்காது, சூடும் உண்டு, அதனால் இது நேரான சமன்பாடு ஆகாது, சற்றுக் கடுமையான சோதனை. மூன்று மாதம் விட்டு இரண்டு பாதியையும் பகல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பாருங்கள். சாய மை முதல் மாதத்திலேயே தன்னைக் காட்டிவிடும்.

கடைசியாக, பிரதியைத் திருப்பிக் கொண்டுவந்த அந்த மனிதருக்குப் புதிதாக ஒன்று அச்சிட்டுக் கொடுங்கள். பழையதைச் சோதித்துப் பார்த்து முடித்த பிறகு கிழித்துவிட்டு, அதே எண்ணையே புதியதில் எழுதுங்கள், இல்லையென்றால் 25 என்பது 26 ஆகிவிடும். கையெழுத்து முன்பக்க ஓரத்தில் பென்சிலால். பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் காகிதத்தின் பெயர், மையின் பெயர், பிரிண்டர், அச்சிட்ட மாதம், இது மறுபதிப்பு என்ற குறிப்பு. பால்பாயின்ட் பேனா வேண்டாம், அதன் மையும் காலப்போக்கில் முன்பக்கம் ஊறும். மீதி இருபத்து நான்கு பேருடைய முகவரியும் உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். அவர்களுக்கும் ஒரு வரி எழுதி, சுவரில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.